கேட்கக் கூசிய கையெழுத்து

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்பு வண்டிப்பேட்டையாக இருந்த ஓட்டுக்கொட்டகையில், சேவுகனும் மாயக்கண்ணனும் கூட்டாகச் சேர்ந்து வால்வு செய்துகொண்டிருந்தார்கள். அறுபத்தேழாம் வருஷம். சுற்றுவட்டாரத்துக்குக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம். மாடு பூட்டிக் கமலையில் இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் வைத்த வெள்ளாமைச் சம்சாரிகள் எல்லாருக்கும் ஒரே தலைவலிதான். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கும். மோட்டாரை நிறுத்தினால், குழாயில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் அது பிடித்து வைக்க வேண்டும். ஆனால் அதற்குள் இருந்த தோல் வாசர் கிணறு வற்றிக் காய்ந்தால் சுருங்கும், ஊறினால் அழுகும், ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். காலையில் போய் ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும். குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு குழாயில் ஊற்றினால்தான் மறுபடி இறைக்கும்.

இந்தப் புலம்பலைத் தினமும் கேட்டவன் சேவுகன். ஒக்கூரில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. பி.ஏ. படித்துவிட்டு காரைக்குடியில் ஒரு மோட்டார் கடையில் விற்பனையாளனாக இருந்தான். மாயக்கண்ணனும் ஒக்கூர்ப் பக்கம்தான், வேறு தெரு, வேறு சாதி. திருச்சியில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் பட்டறையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தவன். சட்டையில் மடிப்புக் கலையாமல் நடப்பான். யாராவது 'டேய்' என்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஒரு நாள் கடைக்கு வந்தவன், தோல் வாசரைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்து, "இதுல ரப்பரை வச்சா என்ன?" என்று கேட்டான். அங்கே தொடங்கியது.

ஒன்றரை வருஷம் பாடுபட்டார்கள். மாயக்கண்ணன் ரப்பரைப் பிசைந்து, கந்தகம் சேர்த்து, அச்சில் வைத்து வேகவைத்து, வேகவைத்துக் கொட்டினான். கடைசியில் தோல் வாசருக்குப் பதிலாக ஒரு ரப்பர் நாக்கு அமைந்தது. வால்வுக்குள் அது உட்காரும் விளிம்பைக் கொஞ்சம் சாய்வாகக் கடைந்தபோது மணல் தானாகச் சரிந்து விழுந்தது. ஒக்கூரில் சேவுகனின் சித்தப்பா கிணற்றில் அதை முதலில் போட்டார்கள். ஒரு கோடை முழுக்க அவர் குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அதற்குப்பிறகு சம்சாரிகளே தேடிக்கொண்டு வந்தார்கள்.

கேட்டு வந்த அளவுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. கையால் சுற்றும் ரோலரும் இரண்டு அச்சும்தான் இருந்தன. கடைசலுக்குச் சின்னக்கண்ணு என்று ஓர் ஆள். ரப்பரை அச்சில் அழுத்தப் பெரிய பிரஸ் வேண்டும், கொட்டகையைப் பெரிதாக்க வேண்டும். முதல் போடக்கூடிய ஆள் யாராவது கிடைப்பார்களா என்று சேவுகன் நாலு பேரிடம் சொல்லி வைத்தான். சொல்லி வைத்த இரண்டாவது மாதமே மதுரையிலிருந்து ஆவுடையப்பன் தகவல் அனுப்பினார். மதுரையில் அவருக்கு இரும்பு வார்க்கும் தொழிற்சாலை இருந்தது. பெரிய இடம்.

"பணம் போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பாக்கணும்னு சொல்லுறாக" என்றான் சேவுகன். "பட்டறை, கலவை, யாரு யாரு வாங்குறாக, எல்லாம்."

மாயக்கண்ணன் ரோலரை நிறுத்தினான். "பாக்கட்டும். ஆனா காட்டுறதுக்கு முன்னாடி எழுதி வாங்கிக்கிருவோம் அண்ணே."

"என்னத்த எழுதி வாங்குறது?"

"இங்க பாத்ததை அங்க போயிச் செய்ய மாட்டோம்னு. கூட்டு அமையலைன்னாலும் செய்ய மாட்டோம்னு. திருச்சியில எங்க மொதலாளி கெட்ட மனுசன்தான். ஆனா கலவை ரூமுக்குள்ள அவரு மச்சானைக்கூட விடமாட்டாரு."

சேவுகனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தேவகோட்டைக் கோர்ட்டுக்குப் போய்வரும் வக்கீல் தங்கச்சாமி அவனுக்கு ஒருவகையில் மாமா முறை. அவரிடம் போய்ச் சொன்னான். அவர் அரைப் பக்கத்தில் ஒரு உடன்படிக்கை எழுதி டைப் அடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "மாப்ளே, கையெழுத்தை வாங்கிட்டுக் கதவைத் தொறங்க. தொறந்துட்டுக் கேக்காதீக" என்றார்.

ஆவுடையப்பன் வந்த அன்று சேவுகன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். உடன்படிக்கை நாலாக மடித்து மேல்பையில் இருந்தது. சந்துக்குள் கார் நுழையவில்லை. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு அவர் நடந்து வந்தார். பட்டறைக்குள் நுழைந்ததும் வால்வைப் பார்க்கவில்லை, சேவுகனைத்தான் பார்த்தார்.

"ஒக்கூர்ல எந்த வீடு நீங்க?"

சொன்னான். அப்பா பெயரையும் கேட்டார். சொன்னதும் அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம புள்ளையா! எங்க அம்மா பொறந்தது உங்க ஊருக்கு ரெண்டு மைல். உங்க அய்யாகூட நான் சல்லிக்கட்டுக்குப் போயிருக்கேன். இது முன்னாடியே தெரியாமப் போச்சே." அவனுடைய தோளில் கையைப் போட்டார். போட்ட கையை எடுக்காமலே பட்டறையைச் சுற்றி வந்தார்.

தோளில் கை இருக்கும்போது எப்படிக் கேட்பது? 'நீங்க திருடிக்கிட்டுப் போயிருவீகன்னு பயமா இருக்கு, இதுல கையெழுத்துப் போடுங்க' என்றா? கேட்டால் அவர் என்ன நினைப்பார்? அப்பாவிடம் சொன்னால் அப்பா என்ன நினைப்பார்? சேவுகன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கடையில் பாக்கிச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்கமாட்டான். அற்பமானவன் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவனுக்கு அவ்வளவு கவனம். ஒருமுறை பைக்குள் கை போயிற்று. விரலில் தாள் பட்டது. அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் திரும்பினார். சேவுகன் தாளோடு இருந்த கைக்குட்டையை மட்டும் எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

கலவை ரூம் வாசலில் மாயக்கண்ணன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தலையைப் படிய வாரியிருந்தான். தொழிலில் பங்காளி என்று அறிமுகம் செய்து வைப்பார்கள் என்று காத்து நின்றான் போலிருக்கிறது. ஆவுடையப்பன் அவனைச் சம்பள ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவருதான் மிஸ்திரியா?" என்றார்.

சேவுகன் சிரித்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கார் வரைக்கும் வழியனுப்பப் போனான். இப்போது கேட்டுவிடலாம், கார்க் கதவு சாத்துவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனான். "அடுத்த வாரம் நம்ம இன்ஜினியர் வருவாரு. ரெண்டு மூணு நாளு இருப்பாரு. எல்லாத்தையும் வெவரமாக் காட்டுங்க. கூட்டுன்னு வந்துட்டா ஒளிவு மறைவு கூடாது பாருங்க" என்றார் ஆவுடையப்பன். "அதுக்கென்ன, காட்டிருவோம்" என்றான் சேவுகன். கார் போய்விட்டது.

இன்ஜினியர் இளவயசு. கண்ணாடி போட்டிருந்தார். அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒன்று விடாமல் கேட்பார். முதல் நாள் சேவுகன் அவரை ஒக்கூருக்கும் ஆத்தங்குடிக்கும் கூட்டிப் போய், வால்வு போட்ட கிணறுகளைக் காட்டினான். வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தார்கள். சம்சாரிகள் வால்வைப் புகழ்ந்து சொல்லச் சொல்ல சேவுகனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் சிவகங்கை, மானாமதுரை என்று அவர்களிடம் சரக்கு எடுக்கும் கடைகளுக்குப் போனார்கள். "இவரு நம்ம ஆளு" என்று ஒவ்வொரு கடையிலும் சேவுகனே சொல்லி வைத்தான். எந்தக் கடை எத்தனை எடுக்கும், எவருக்கு எவ்வளவு கமிஷன், எவர் கடன் கேட்பார், எல்லாம் பஸ்ஸில் வரும்போது பேசிக்கொண்டே வந்தான். இன்ஜினியர் கேட்டது கால்வாசி. மீதியெல்லாம் இவன் தானாகச் சொன்னது.

மூன்றாம் நாள் காலையில் இன்ஜினியர், "கலவையைப் பாத்துட்டா முடிஞ்சது" என்றார்.

மாயக்கண்ணன் கலவை ரூம் கதவில் சாய்ந்து நின்றான். சேவுகனைத் தனியே கூப்பிட்டான்.

"கையெழுத்து ஆச்சா அண்ணே?"

இன்ஜினியர் நாலு எட்டுத் தள்ளி நின்று வால்வு ஒன்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் மாயக்கண்ணன் கதவைத் திறக்கமாட்டான். அவன் பிடிவாதம் சேவுகனுக்குத் தெரியும். கதவைத் திறக்காவிட்டால் இன்ஜினியர் முகத்துக்கு நேராக அந்தத் தாளை நீட்ட வேண்டிவரும். இரண்டு நாள் ஊர் ஊராகக் கூட்டிச் சுற்றிவிட்டு, ஒரே இலையில் சாப்பிடாத குறையாகப் பழகிவிட்டு, இப்போது போய் நீட்டுவதா?

"ஆச்சு" என்றான்.

"எப்ப?"

"அன்னைக்குக் காருல ஏறும்போதே போட்டுக் குடுத்துட்டாரு. வீட்டுல வச்சிருக்கேன்."

முதல் பொய்க்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தானாக வந்தது.

மாயக்கண்ணன் முகம் தெளிந்துவிட்டது. "அது போதும்ணே" என்று சாவியை எடுத்தான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. ஒன்றரை வருஷமாக எவனிடமும் சொல்லமுடியாமல் வைத்திருந்ததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது. எவ்வளவு கந்தகம், எப்போது சேர்ப்பது, எவ்வளவு நேரம் வேகவைப்பது, எங்கே எங்கே தோற்றோம் என்று தன் கையாலேயே தராசில் நிறுத்துக் காட்டினான். இன்ஜினியர் ஒரு சந்தேகம் கேட்டால் இவன் இரண்டுக்குப் பதில் சொன்னான். போகும்போது அவருக்கு ஒரு முழு வால்வையும் ஒரு பிடி கலவையையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். சேவுகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளைச் சட்டையை வெளுக்கப் போடும்போது அவன் மனைவி நாச்சியார் பையைத் துழாவினாள். தாளைப் பிரித்துப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள் அவள். மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது அதைப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போட வேண்டிய எடம் சும்மா கெடக்கே."

"போட்டுருவாக. அவுக நம்ம ஊருப் பக்கத்து ஆளுக."

"நேத்துக் கோயில்ல நாகவல்லியப் பாத்தேன். எல்லாம் எழுதி வாங்கியாச்சாமேன்னு சந்தோசமாச் சொன்னா."

நாகவல்லி மாயக்கண்ணனின் மனைவி. சேவுகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நாச்சியார் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஒரு மாதம் மதுரையிலிருந்து பேச்சே இல்லை. பிறகு இன்னும் இரண்டு வால்வு அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. அனுப்பினார்கள். மறுபடி பேச்சில்லை. ஆடி பிறந்த பிறகு ஆவுடையப்பனின் ஆபீசிலிருந்து கணக்குப்பிள்ளை ஒருவர் வந்து முதலாளி சொன்னதைச் சொன்னார். கூட்டு சரிப்படாதாம். வேண்டுமானால் பட்டறையை மொத்தமாக அவர்கள் எடுத்துக்கொள்வார்களாம். விலை என்று அவர் சொன்னது பழைய இரும்பு விலை. சேவுகனுக்கு மதுரையில் விற்பனை வேலை. "அந்த மிஸ்திரிக்கும் ஒரு வேலை போட்டுக் குடுத்துருவாக" என்றார்.

மாயக்கண்ணனுக்குக் கோபம் வரும் என்று சேவுகன் பயந்தான். அவனோ சிரித்தான். கணக்குப்பிள்ளை தலை மறைந்ததும், "போறாகன்னு விடுங்கண்ணே. நமக்கென்ன நட்டம்? பாத்ததை அவுக செய்ய முடியாது. நம்மகிட்டத்தான் கையெழுத்து இருக்கே. வேற ஆளப் பாப்போம்" என்றான். ரோலரைச் சுற்றிக்கொண்டே பாட்டு ஒன்றை முணுமுணுத்தான்.

சேவுகனால் அங்கே நிற்க முடியவில்லை. மறுநாள், சரக்கு விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினான். உடன்படிக்கை பையில் இருந்தது. பழைய தேதி போட்டாவது ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் சொன்ன பொய் மெய்யாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

ஆவுடையப்பன் ஆபீசில் அவனை இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது அவர், "வாங்க தம்பி" என்றார். இந்த முறை ஊர்ப் பேச்சு இல்லை, அப்பாவை விசாரிக்கவும் இல்லை. சேவுகன் தாளை எடுத்து மேசையில் வைத்தான். "ஒரு சம்பிரதாயத்துக்கு... எங்க பங்காளி கேக்குறாரு..." என்று இழுத்தான். முதல் தடவையாக அவன் வாயில் 'பங்காளி' என்ற வார்த்தை அவர் முன்னால் வந்தது. அதுவும் பழியைத் தூக்கி மாயக்கண்ணன் மேல் போடுவதற்காக.

அவர் படித்தார். நிதானமாக, கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு மடித்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இத அன்னைக்குக் குடுத்திருந்தா அன்னைக்கே யோசிச்சிருப்பேன். இப்ப எதுக்குத் தம்பி? ரப்பரும் கந்தகமும் கடையில விக்கிற சாமான். யாரு வேணாலும் செய்யலாம்." கோபமே இல்லாமல் சொன்னார். "வேலைக்கு வாரதா இருந்தா சொல்லுங்க. நீங்க நல்லாப் பேசுறீங்க. நம்ம இன்ஜினியர் உங்களைப் பத்திப் பெருமையாச் சொன்னாரு."

வெளியே வரும் வழியில் ஒரு நீள மேசை. அவர்களுடைய வால்வு அதன்மேல் இரண்டாக அறுக்கப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் புத்தம்புது அச்சுகள் வரிசையாக இருந்தன. கண்ணாடி போட்ட இன்ஜினியர் அங்கே நின்றிருந்தார். சேவுகனைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். சேவுகனும் குனிந்துகொண்டான். திருடியவரும் பறிகொடுத்தவனும் ஒரே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு ஒருவரையொருவர் தாண்டிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து நாச்சியாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "நாளைக்கு அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

"சொல்லணும். கொஞ்ச நாள் கழிச்சு, பக்குவமா..."

"நாளைக்கு நீங்க சொல்லலைன்னா, மறுநாள் நான் நாகவல்லிகிட்டச் சொல்லிருவேன். அவ மூஞ்சியில எனக்கு முழிக்க முடியலை."

மறுநாள் பட்டறையில் சின்னக்கண்ணு டீக்குப் போனதும் சேவுகன் சொன்னான். மாயக்கண்ணன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். "சும்மா இருங்கண்ணே" என்றான். பிறகு சேவுகனுடைய முகத்தைப் பார்த்து ரோலர் பிடியிலிருந்து கையை எடுத்தான். கையை ஒரு துணியில் துடைத்தான். நிறைய நேரம் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்ட."

"நான் கேக்காம இருந்திருந்தா, மறந்துட்டீகன்னு மனச ஆத்திக்குவேன். இந்தக் கதவுல சாஞ்சு நின்னு கேட்டேன். எப்பன்னும் கேட்டேன்."

"அவருகிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றான் சேவுகன்.

"அவருகிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லுறீக. சரி. எங்கிட்டப் பொய் சொல்ல வெக்கமா இல்லையா?" மாயக்கண்ணன் குரலை உயர்த்தவில்லை. "இல்ல. ஏன்னா நான் மிஸ்திரி. அன்னைக்கு அவரு கேட்டப்ப நீங்க சிரிச்சீக. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். அவரு என்ன நெனப்பாரோன்னு உங்களுக்கு இருந்துச்சு. நான் என்ன நெனப்பேன்னு இல்ல."

அப்படி இல்லை என்று சொல்ல சேவுகன் வாயெடுத்தான். ஆனால் அப்படித்தான் இருந்தது. சொல்லிக் காட்டும்வரை அவனுக்கே அது தெரியவில்லை, அவ்வளவுதான். இருந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட மாட்டோமா என்று நின்றான்.

மாயக்கண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வாரம் வரவில்லை. சேவுகன் தங்கச்சாமி வக்கீலிடம் போனான். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டு நான் என்னத்தப் புடிச்சு இழுக்கிறது மாப்ளே?" என்று திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. வீட்டுக்குள் காபி கொண்டுவரச் சொன்னார். அந்தக் காபி சேவுகனுக்கு இறங்கவில்லை.

கார்த்திகையில் மதுரை வால்வு கடைகளுக்கு வந்தது. நீலப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. சேவுகன் யார் யாரை அறிமுகம் செய்து வைத்தானோ, வரிசையாக அதே கடைகளில்தான் வந்தது. மானாமதுரைக் கடைக்காரர் இருளாண்டி மட்டும், "என்ன தம்பி இது, நீங்கதான் கூட்டியாந்தீக, இப்ப அவுக தனியா வந்து நிக்கிறாக" என்று கேட்டார். மற்றவர்கள் அதையும் கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் சின்னக்கண்ணு வந்து, மதுரையில் கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லுகிறார்கள், வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் என்று தலையைச் சொறிந்தான். போய்வா என்பதைத் தவிர சேவுகனால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

அதற்கு முன்பே மாயக்கண்ணன் திரும்பி வந்திருந்தான். ஒரு காலை, எதுவும் நடக்காததுபோல் கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தான். சேவுகன் ஏதோ சொல்ல வந்தபோது, "ரோலரு என்னோடது. எங்குட்டுக் கொண்டுபோயி வைக்கச் சொல்லுறீக?" என்றான். அதற்குப் பிறகு அவன் 'அண்ணே' என்று கூப்பிடவே இல்லை. 'இங்க பாருங்க' என்பான். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் விஷயத்துக்கு வந்துவிடுவான்.

முழு வால்வு செய்து விற்பது கட்டுப்படியாகவில்லை. கொட்டகையில் பாதியை வாடகைக்கு விட்டார்கள். சேவுகன் பழையபடி காலையில் மோட்டார் கடை வேலைக்குப் போய்விட்டு மாலையில் பட்டறைக்கு வந்தான். ஒக்கூருக்குப் போகும்போது ஊர்க்காரர்கள், "என்னப்பா, உன் வால்வு மதுரையிலயும் செய்யிறாகளாமே!" என்று பெருமையாகக் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டுவான். அப்பாவிடம்கூட அவன் உள்ளதைச் சொல்லவில்லை. அவர் காலமான பிறகு, சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

பிழைத்தது ரப்பர் நாக்கால்தான். மதுரைக்காரர்கள் செலவைக் குறைக்கக் கலவையில் கை வைத்துவிட்டார்கள். இரண்டு கோடை தாண்டியதும் அவர்களுடைய நாக்கு விறைத்து வெடித்தது. சம்சாரிகள் நீல வால்வைக் கையில் தூக்கிக்கொண்டு செக்காலைச் சந்துக்கு வந்து, "உள்ள இருக்கிறத மட்டும் மாத்திக் குடுங்க" என்றார்கள். மாயக்கண்ணன் மாற்றிக் கொடுத்தான். பெரிய பிழைப்பில்லை. ஆனால் நின்றுபோகவில்லை. ஒவ்வொரு முறை அந்த நீல வால்வைக் கழற்றும்போதும் சாய்வாகக் கடைந்த விளிம்பு கண்ணில் படும். மாயக்கண்ணன் அதைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு வேலையைப் பார்ப்பான். சேவுகன் வேறெங்கோ பார்ப்பான்.

எழுபத்தொன்றில் மானாமதுரை இருளாண்டி ஒரு நாள் பட்டறைக்கே வந்தார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டதாகவும், கையில் கொஞ்சம் முதல் இருப்பதாகவும், ரப்பர் சாமான் மட்டும் செய்ய ஒரு பிரஸ் போடலாமா என்றும் கேட்டார். "என்னென்ன செய்றீகன்னு ஒருதரம் கூட இருந்து பாக்கணும். பாக்காமப் பணம் போட்டா எங்க வீட்டுல அடிக்க வந்துருவா" என்று சிரித்தார்.

சேவுகன் வீட்டுக்குப் போய் டைப் அடித்த தாளை எடுத்துவந்தான். பழையது அல்ல, தங்கச்சாமியிடம் புதிதாக எழுதி வாங்கி வைத்திருந்தது. இருளாண்டி முன்னால் போய் நின்றபோது பழைய கூச்சம் திரும்பி வந்தது. இந்த மனிதர் ஒருவர்தான் அன்றைக்கு அவனிடம் வருத்தப்பட்டுக் கேட்டவர். அவரிடம் போய் இதை நீட்ட வேண்டியிருக்கிறது.

"தப்பா நெனைக்கக் கூடாது. பாக்குறதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து..."

இருளாண்டி வாங்கினார். கையைத் தூரமாக நீட்டி வைத்துக்கொண்டு படித்தார். "பேனா இருக்கா?" என்றார். ரோலர் பலகை மேலேயே வைத்துக் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு, "இதுல என்னங்க தப்பா நெனைக்கிறதுக்கு இருக்கு? வீட்ட வாடகைக்கு விட்டாக்கூட எழுதி வாங்குறோம். இதக் கேக்கலைன்னாத்தான் நான், என்ன இது, வெவரம் இல்லாத ஆளுகளா இருக்காகளேன்னு நெனச்சிருப்பேன்" என்றார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அவ்வளவும். அன்றைக்கு ஆவுடையப்பன் நல்ல மனிதராக இருந்திருந்தால் இப்படித்தான் போட்டிருப்பார். போடாமல் மழுப்பியிருந்தால் அப்போதே ஆள் யாரென்று தெரிந்திருக்கும். இரண்டில் எதுவானாலும் கேட்டவனுக்கு ஒரு குறைச்சலும் வந்திருக்காது. இத்தனை வருஷத்தில் சேவுகன் எத்தனையோ வகையாக வெட்கப்பட்டிருக்கிறான். ஒன்றுமில்லாததற்கு வெட்கப்பட்டு எல்லாவற்றையும் தொலைத்திருக்கிறோம் என்ற இந்த வெட்கம் அவற்றையெல்லாம் தின்றுவிட்டது. இருளாண்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக நின்றான்.

"குடுங்க" என்றான் மாயக்கண்ணன்.

சேவுகன் தாளைக் கொடுத்தான். மாயக்கண்ணன் அதை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனான். முதல் எழுத்திலிருந்து உதட்டை அசைத்துப் படித்தான். இருளாண்டியின் கையெழுத்து வந்த இடத்தில், மை காய்ந்துவிட்டதா என்று விரலை வைத்துப் பார்த்தான். பிறகு நாலாக மடித்து, தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டான். சேவுகனை அவன் பார்க்கவில்லை. இருளாண்டியைப் பார்த்து, "வாங்க, இங்குட்டு" என்று கலவை ரூமைத் திறந்துவிட்டான்.

இருவரும் உள்ளே போனார்கள். வெகுநாளாகக் கேட்காத ஒரு துள்ளலோடு மாயக்கண்ணனின் குரல் உள்ளிருந்து வந்தது. சேவுகன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். உள்ளே போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் போகவில்லை. சந்து முனைக் கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.